பொட்டு வைக்காத மோட்டார்

சித்தூர் வெல்ல மண்டித் தெருவில் அந்த லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது.

"பல்லு டாக்டருக்கே பொக்க வாய்," என்றார் சீனு, இரண்டாவது மாடி வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஏறு ஏறுன்னு முப்பது வருஷம் ஜனங்கள வெரட்டினவன் நைனா நானு. எனக்கே ஏற முடியல."

சீனு ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இப்போது நளினி மேடத்துக்கு உதவியாளர், டிரைவர், சமயத்தில் வாய். மேடம் எங்களுக்கு முன்னால் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார். தணிக்கை அலுவலகத்தில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, வேலையை விட்டுச் சித்தூரில் துப்பறியும் நிலையம் திறந்தவர். வருவது பெரும்பாலும் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை சொல்கிற வேலை இருக்கிறதா, சொல்லாத பெண்டாட்டி இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்வார். என் வழக்கைக் கொண்டுபோனபோது, "மாப்பிள்ளைக்கும் காண்டிராக்டருக்கும் பெரிய வித்தியாசம் இல்லைங்க. ரெண்டு பேரும் சர்டிபிகேட்டோடதான் வருவாங்க," என்று சொல்லி எடுத்துக்கொண்டார்.

என் பெயர் கோவர்த்தனன். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். போன ஜூலை பத்தொன்பதாம் தேதி, என் மனைவி யசோதாவை நெஞ்சு வலியோடு திருப்பதி ஸ்வர்ணமுகி பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கீழே ஒரு ஊசி போட்டு, நாலாவது மாடி இருதயப் பிரிவுக்கு லிஃப்டில் அனுப்பினார்கள். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. நாற்பது நிமிடம் நின்றது. கதவு திறந்தபோது அவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

அந்த லிஃப்டை மாதம் தவறாமல் சர்வீஸ் செய்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினேன். முப்பத்தைந்து மாதம், முப்பத்தைந்து அறிக்கை. எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து: முரளி, மெக்கானிக். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: எல்லாம் நன்றாக உள்ளது. யசோதா போன மறுநாள் தேதியிட்ட அறிக்கையிலும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அதே கம்பெனிக்கு இன்னும் மூன்று வருடம் ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்காக அன்று, புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு, ஆஸ்பத்திரியின் வெளிச்சேவை ஒப்புதல் குழு கூடவிருந்தது. அன்று கையெழுத்தாகாவிட்டால் விதிப்படி திறந்த டெண்டருக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து விழக்கூடாது.

மேடத்துக்கு வேண்டியது முரளி.

கதவில் 'ஊர்த்வகதி எலிவேட்டர் சர்வீசஸ்' என்று பலகை தொங்கியது. உள்ளே ஒரு மேஜை, நாலு சாமி படம், சுவரோடு ஒரு பலகைத் தட்டு. தட்டில் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியதாக, கொலு வைத்ததுபோல் வரிசையாக இருந்தன. மேஜைக்குப் பின்னால் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவன் எழுந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். விரல் நகங்கள் பூசாரியின் நகங்களைப்போல் சுத்தமாக இருந்தன.

"முரளிங்க. சொல்லுங்க மேடம்."

"புத்தூர்ல எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம். புதுசா லிஃப்ட் போட்டிருக்கோம்," என்றார் மேடம், பிறந்ததிலிருந்து மண்டபம் நடத்துகிறவர்போல. "இவரு எங்க பெரியப்பா. இவரு மேனேஜர்."

"சமையல் மேற்பார்வையும் நான்தான்," என்றார் சீனு.

"கவலையே வேணாம் மேடம். திருப்பதி யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரியே நம்ம கையிலதான் ஓடுது. மாசம் தப்பாம நானே போயிடுவேன். மோட்டாரத் தொட்டுப் பார்த்தாத்தான் எனக்கு சோறு எறங்கும். கொழந்த மாதிரி வெச்சிக்கினு இருக்கிறேன். இன்னைக்குக்கூட பதினோரு மணிக்கு அங்கதான் வேல."

என் கை தானாக மடங்கியது. சீனு என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "பெரியப்பா, உக்காருங்க. படி ஏறினது உங்களுக்கு ஒத்துக்கல."

மேடம் அந்தத் தட்டின் பக்கம் போயிருந்தார். ஒவ்வொரு ஸ்பேனரின் பிடியிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். "ஆயுத பூஜை ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்களே!"

முரளியின் முகம் மலர்ந்தது. "டூல்ஸ்தான் மேடம் நமக்கு சாமி."

"எங்க லிஃப்டுக்கும் நீங்களே பொட்டு வெப்பீங்களா, நாங்க அய்யரக் கூட்டாரணுமா?"

"அய்யரு எதுக்கு மேடம்? மெஷின்ல வேல செய்றவன்தான் அதுக்குப் பொட்டு வெக்கணும். ஆஸ்பத்திரி மோட்டாருக்கு என் கையாலதான்."

"வருஷா வருஷமா?"

"மூணு வருஷமும் மேடம். சத்தியமா."

மேடம் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். படியில் சீனு முணுமுணுத்தார். "ரேட்டு கேக்காம எழுந்து வந்துட்டீங்களே மேடம். மண்டபத்துக்காரங்க அப்பிடி வருவாங்களா? நாலு தடவ கொறச்சிக் கேட்டுட்டு, ஒரு தடவ கோச்சிக்கினு வரணும்."

மேடம் அதற்குள் ஒரு மாடி இறங்கியிருந்தார்.

சீனுவின் பழைய கார் பூதலப்பட்டு தாண்டியது. மேடம் முன் இருக்கையிலிருந்து திரும்பினார்.

"கோவர்த்தனன், உங்க தறிக்கு ஆயுத பூஜையில யாரு பொட்டு வெப்பாங்க?"

"ஓட்டறவன்தான் மேடம். மொதலாளி வெச்சிட்டுப் போனாலும் நாங்க ஒரு தரம் வெப்போம். இல்லன்னா தறி கோச்சிக்கும்."

"வெச்ச பொட்டு எத்தன நாள் இருக்கும்?"

"எண்ண படாத எடத்துல வெச்சா கறை போவவே போவாது. குங்குமம் பெயிண்டுல ஊறிடும். என் தறியில பதிமூணு வருஷத்துக் கறை ஒண்ணுமேல ஒண்ணா இருக்குது."

"ஸ்பேனர்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன். "ஸ்பேனர்லயா? மறுநாளே போயிடும் மேடம். நாலு நட்டு திருப்பினா கையோட வந்துடுமே."

"இது பிப்ரவரி," என்றார் மேடம். "ஆயுத பூஜை முடிஞ்சி நாலு மாசமாகுது."

கார் ஒரு குலுக்குக் குலுங்கி நேரானது. "அடப்பாவி!" என்றார் சீனு. "எல்லா ஸ்பேனர்லயும் காலையில வெச்ச மாதிரி இருந்துதே! நாலு மாசமா ஒரு நட்டுகூட திருப்பலியா?"

"வேற செட் வெச்சிருக்கலாம். ஸ்பேனருக்காக ஒருத்தனக் குத்தவாளின்னு சொல்ல முடியாது. அதனாலதான் மோட்டாரப் பத்தியும் அவன் வாயாலயே சொல்ல வெச்சேன். மூணு வருஷம்னா மூணு கறை இருக்கணும்."

சந்திரகிரிக் கோட்டை வந்து போனது. யசோதா போன அன்றைக்கும் இதே நேரம்தான். லிஃப்ட் நின்றதும் விளக்கு போனது. யசோதா ஒரு தடவைதான் பேசினாள். "தறிய நிறுத்திட்டு வந்தியா?" என்று கேட்டாள். நிறுத்தினேன் என்றேன். நிறுத்தினேனா என்று அப்போது எனக்கு ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரியின் வாசலில் பெரிய பலகை ஒன்று இருந்தது. துடைப்பது ஒரு கம்பெனி, துணி துவைப்பது ஒரு கம்பெனி, காவல் ஒரு கம்பெனி, பலகையைத் துடைப்பது ஒரு கம்பெனி. வைத்தியம் மட்டும் ஆஸ்பத்திரி.

லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனோம். மொட்டை மாடி மெஷின் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் பெயர் திருமலை. ஊர் கங்காதர நெல்லூர் பக்கம் என்று சொன்னதும் சீனு அந்த வழி பஸ் நிறுத்தங்களை வரிசையாக ஒப்பித்து அவரை உறவினராக்கிவிட்டார்.

"உள்ள பாக்கணும் அண்ணே. சாவி இருக்குதா?"

"எங்கிட்ட ஏது சாவி? நாங்க கதவுக்குத்தான் காண்டிராக்ட். பூட்டு வேற காண்டிராக்ட்."

"அப்ப பூட்டுக்காரங்களக் கூப்புடுங்க."

"அந்தக் காண்டிராக்ட் முடிஞ்சி ஒரு வருஷமாச்சி."

"பூட்ட எப்பிடித் தெறக்கறது?"

"பூட்டே இல்லியே," என்று திருமலை கதவைக் காலால் தள்ளினார்.

புறாக்கள் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தன. மோட்டார் அறையின் நடுவில் இருந்தது. பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல் ஒரு கூடு. கூட்டில் இரண்டு முட்டை. "மெக்கானிக் இங்கதான் குடியிருக்கிறாரு போல," என்றார் சீனு. "குடும்பத்தோட."

நான் துண்டை எடுத்தேன். தறிக்காரனுக்கு மெஷினில் பொட்டு எங்கே இருக்கும் என்று சொல்லித்தர வேண்டாம். எண்ணெய் தெறிக்காத நெற்றி என்று எல்லா மெஷினுக்கும் ஒன்று உண்டு. தூசி விரல் கனத்துக்கு வந்தது. அடியில் சாம்பல் நிறப் பெயிண்ட். அதில் வட்டமாக ஒரு கறை, மங்கிப்போய். ஒன்றே ஒன்று. மோட்டாரைச் சுற்றி மற்ற இடங்களையும் துடைத்துப் பார்த்தேன். வேறு இல்லை.

"அது லிஃப்ட் பூட்டின மெட்ராஸ்காரங்க வெச்சது," என்றார் திருமலை. "ஆறு வருஷமாச்சி. அப்பறம் இந்த ரூமுக்குள்ள நீங்கதான் வர்றீங்க."

"ஆனா கீழ ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் கதவுல பொட்டு இருந்துதே?"

"அது நாங்க வெச்சது மேடம். கதவு எங்க காண்டிராக்ட் இல்ல?"

மேடம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மணி பதினொன்று ஐந்து.

மூன்றாவது மாடிக் கொள்முதல் பிரிவின் சூப்பரிண்டெண்ட் ஹரிபிரசாத் மிகவும் மரியாதையானவர். எங்களுக்கு நாற்காலி போட்டார். என் மனைவிக்காக வருத்தப்பட்டார். மேஜைமேல் அன்றைய கூட்டத்துக்கான பதினாலு ஃபைல்கள் அடுக்கியிருந்தன. பதிமூன்று ஒல்லி, ஒன்று மட்டும் தலையணை கனம்.

"அது இன்னா சார், ஆக்சிஜனா?" என்றார் சீனு.

"காதண்டி, அது இல்ல. கமிட்டி மெம்பர்களுக்கு டிபன் சப்ளை. மூணு மீட்டிங்கா டிஸ்கஷன்ல இருக்குது. சட்னி விஷயத்துல ஏகாபிப்பிராயம் வரல."

மேடம் படத்தைக் காட்டினார். ஸ்பேனர், கறை, புறா முட்டை எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னார். ஹரிபிரசாத் பொறுமையாகக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அம்மா, பொட்டுன்றது நம்பிக்க. ஃபைலுன்றது ஆதாரம். மோட்டாருக்குப் பொட்டு இருக்குதான்னு எங்க ஃபாரத்துல கட்டமே லேது. ரூல் இன்னா சொல்லுது? நீட்டிப்பு குடுக்க, சர்வீஸ உபயோகிச்ச ஜனங்க கிட்டேருந்து பத்து திருப்தி சர்டிபிகேட் வேணும். பத்து இருக்குது. சூடண்டி."

பத்துத் தாள்களை மேஜையில் பரப்பினார். எல்லாம் தெலுங்கில் அச்சடித்தவை, அடியில் கையெழுத்து. மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஏழாவதில் நின்றார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் அன்றைக்கு முதல் தடவையாகத் தயக்கம் தெரிந்தது. தாளை என் பக்கம் திருப்பினார்.

மற்ற ஒன்பதும் தெலுங்குக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ. இது தமிழ். கோ. கோவர்த்தனன். என் 'கோ'வின் கொம்பு எனக்குத் தெரியாதா? தேதி ஜூலை பத்தொன்பது.

"எழுத்துக் கூட்ட முடியல. என்ன எழுதியிருக்குது மேடம்?"

"லிஃப்ட் சேவை திருப்தியாக இருந்தது. புகார் எதுவும் இல்லை," என்று படித்தார் மேடம்.

அன்று சாயங்காலம் கீழ்த்தளக் கவுண்டரில் என் முன்னால் அஞ்சு தாள் வைத்தார்கள். நான் தெலுங்கு பேசுவேன். படித்தது தமிழ் பள்ளிக்கூடம், தெலுங்கு எழுத்து அப்போது தெரியாது. யாரோ ஒருவர் விரல் வைத்துக் காட்டினார். இங்கே, இங்கே, இங்கே. முகத்தைப் பார்க்கவில்லை. தாளின்மேல் நகர்ந்த விரல்தான் ஞாபகம். அவளை வாங்கிக்கொண்டு போவதற்கான தாள்கள் என்று நினைத்துப் போட்டேன்.

சீனு தாளை எடுத்தார். கண்டக்டர் பழக்கம், பின்பக்கம் திருப்பினார். ஓரத்தில் நீல நிறத்தில் வட்ட முத்திரை. அடுத்த தாளைத் திருப்பினார். அதிலும் இருந்தது. பத்திலும் இருந்தது.

"இது எந்த எடத்து முத்திர சார்?"

ஹரிபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மார்ச்சுவரி கவுண்டர்."

"பத்துமா?"

"மத்த கவுண்டர்ல நீட்டினா ஜனங்க படிச்சிப் பாக்கறாங்க," என்றார் ஹரிபிரசாத். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

மேடத்தின் குரல் உயரவில்லை. "இவரு தன் கையெழுத்த வாபஸ் வாங்கறாரு. ரூல்ல எடம் இருக்குதா?"

ஹரிபிரசாத் விதிப் புத்தகத்தை நிஜமாகவே புரட்டினார். அவர் விதிகளை நம்புகிறவர். அதுதான் அவருடைய குறை. "கமிட்டி கூடறதுக்கு முன்னால எழுதிக் குடுத்தா வாங்கலாம். தெலுகுலோ எழுதணும்."

"போன தடவ தமிழ்ல போட்டது செல்லிச்சே சார்," என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். தமிழில் நான்கு வரி எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை படித்தேன். அவர் வாங்கி, நேரம் எழுதி, முத்திரை குத்தி, ஏழாவது தாளை உருவி வெளியே வைத்தார். ஒன்பது.

அடுத்த நொடி போனை எடுத்தார். "ஒகட்டி தக்குவ," என்றார். ஒன்று குறைகிறது. அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள். அவர் முகம் தெளிந்தது. "ஒண்ணுதானே. பத்து நிமிஷத்துல வந்துடும்."

பத்து நிமிடத்தில் எப்படி வரும்? எனக்குப் புரிவதற்குள் மேடம் எழுந்துவிட்டார். "சீனு! மார்ச்சுவரி!"

மூன்று மாடியை நாங்கள் எப்படி இறங்கினோம் என்று தெரியாது. கீழ்த்தளக் கவுண்டரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அழுது முடித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் பேனா. அவள் முன்னால் அஞ்சு தாள். வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் குனிந்து விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். சுத்தமான நகம்.

"இங்க ஒண்ணு போடும்மா. இங்க ஒண்ணு. இங்க."

அந்த விரல் எனக்குத் தெரியும். காலையில் ஸ்பேனர் தட்டுக்கு முன்னால் எனக்கு ஏன் தெரியாமல் போனது?

"மேடம்," என்றார் சீனு மெதுவாக, "பொய் சொல்லல இவன். மாசம் தப்பாம சர்வீஸுக்கு வந்துக்கினுதான் இருந்திருக்கிறான்."

முரளி நிமிர்ந்தான். "மண்டபத்துப் பெரியப்பாவா?" என்றான்.

நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போனேன். பெயர் ரூபா, சத்தியவேடு, காலையில் அம்மா போய்விட்டாள் என்று கவுண்டர்க்காரர் சொன்னார்.

"படிச்சிட்டுப் போடும்மா," என்றேன்.

"எனக்குத் தெலுங்கு படிக்க வராதுங்க."

"எனக்கும் வராமத்தான் இருந்துது. ஏழு மாசமா கத்துக்கினு இருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பரவால்லியா?"

"டைம் இல்ல பெரியவரே!" என்று முரளி சுவர் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று முப்பத்தைந்து. "பன்னெண்டுக்கு ராகு காலம். கமிட்டி சேர்மன் அப்பறம் பேனாவத் தொட மாட்டாரு. ஒன்றரைக்கு விஜயவாடா கெளம்பறாரு. மேடம், நீங்களாவது சட்டுனு படிச்சிச் சொல்லுங்களேன்!"

மேடம் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை மடியில் போட்டுக்கொண்டார். "கண்ணாடி கொண்டுவர மறந்துட்டேன் முரளி," என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

முரளி தாளை இழுக்கக் கை நீட்டினான். சீனு குறுக்கே வந்து நின்றார். பஸ்ஸில் நடுவழி முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் நிற்பு. "தம்பி, ஃபுட்போர்டுல நிக்காத. பின்னால போ."

நான் முதல் தாளின் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன். அது உடலைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. கூட்டிக் கூட்டி, ஒவ்வொரு வரியும் முடிந்ததும் தமிழில் சொன்னேன். அவள் அம்மாவின் பெயர் வந்த இடத்தில் ரூபா ஒரு நிமிடம் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். இரண்டாவது நகைகள் பற்றியது. ஒரு ஜோடி கம்மல். மூன்றாவது, நாலாவது. மேலேயிருந்து போன் அடித்துக்கொண்டிருப்பதாகக் கவுண்டர்க்காரர் சொன்னார். யாரும் எடுக்கவில்லை. நாலையும் கேட்டு ரூபா கையெழுத்துப் போட்டாள்.

அஞ்சாவது தாளில் எனக்குத் திக்கவில்லை. ஏழு மாதமாகச் சர்வீஸ் அறிக்கைகளில் நான் படித்துப் பழகிய வார்த்தைகள்தான் அவை. ஒரே மூச்சில் படித்தேன்.

ரூபா பேனாவைக் கவுண்டர்மேல் வைத்தாள். "லிஃப்டா? எந்த லிஃப்டுங்க? எங்கம்மாவ ராத்திரி படியிலதான் தூக்கிக்கினு போனோம். லிஃப்ட் வேல செய்யலன்னு சொன்னாங்களே?"

முரளியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மூன்று.

"ஹோல்டான்!" என்றார் சீனு, பஸ்ஸையே நிறுத்துகிற குரலில். பிறகு இருக்கும் இடம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மேடம் அந்தத் தாளை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்தார். ரூபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாருங்க? ஆஸ்பத்திரி ஆளா?"

"இல்லம்மா," என்றேன். "இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டவன்."